கட்டைவிரலில் பார்த்த காற்று

5.6.10, சனி

காலையிலேயே கொதிக்கிற வெயில். தெற்கிலிருந்து காற்று, சிப்காட் கெமிக்கல் வாடையோடு. கரண்ட் இல்லை. ரெஜினா ஜன்னலைச் சாத்திவிட்டு என்னைத் திட்டினாள். காற்றையும் கரண்டையும் திட்ட முடியாது, புருஷன்தான் மிச்சம்.

சாயந்திரம் தேவனாம்பட்டினம் கடற்கரை. மச்சான் சகாயம் சவாரிக்கு ஓட்டுகிற நாலுசக்கர பைக் மறுபடி மறுபடி மணலில் உட்கார்ந்துவிட்டது. அவன் ஓட்டிய தூரத்தைவிட நான் பின்னாலிருந்து தள்ளிய தூரம் அதிகம். பின்சீட்டில் ஒரு பண்ருட்டி அம்மாள், இறங்காமலேயே கேட்டாள்: "ஏம்பா, தள்ளுறதுக்கும் சேத்துதான் டிக்கெட்டா?"

சிரித்தேன். இடுப்பு சிரிக்கவில்லை.

டயர் வழுக்கை, என் தலை மாதிரி. பெரிசாகப் போட்டால் மணலில் மிதக்கும் என்று ரிசார்ட்காரர்கள் சொல்வார்களாம். இந்த வண்டியே பாண்டிச்சேரி ரிசார்ட் ஒன்று கழித்துப் போட்டதுதான். கம்பெனி மெஷின் பெல்ட்டில் வலது கை மாட்டிய பிறகு மச்சானை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். இதில் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம், வலது கட்டைவிரலால் அமுக்கினால் போதும். "எனக்குன்னே செஞ்ச வண்டி மாமா" என்று வாங்கிவந்தான். அதில் ஏறி உட்கார்ந்தால்தான் பழைய சகாயம். ரெஜினாவுக்கும் அன்றைக்குத்தான் சோறு இறங்குகிறது, தம்பி என்றால் அப்படி.

திங்கள் சிதம்பரம் போய் டயர் பார்க்க வேண்டும். லீவு சொல்ல வேண்டும். இடுப்புக்குத் தைலம்.

7.6.10, திங்கள்

சிதம்பரம். பஸ்ஸில் நின்றபடி. பாய் டயர் கடை, டிராக்டர் டயர்களுக்கு நடுவில் பாய் தலை மட்டும் தெரிந்தது. மெட்ராஸிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார்.

"ஒரு சைஸ் ஏத்துங்கண்ணே, போதும்."

"ரெண்டு ஏத்திடுங்க பாய்."

"எதுக்கு ரெண்டு?"

சகாயம் சொன்னான்: "எங்க மாமா எதையும் புள்ளைக்கு ஷூ வாங்குற மாதிரிதான் பாய் வாங்குவாரு. வளந்தா சரியாப் பூடும்னு."

"டயர் வளராதுண்ணே, தேயும்."

கடைக்கே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் ரெண்டு சைஸ்தான் வாங்கினேன். எங்கள் மகள் பிரின்ஸி ஏழாவது படித்தபோது வாங்கிய ஷூவில் இன்னும் பஞ்சு இருக்கிறது. இப்போது பிளஸ் டூ. என்னை இனிமேல் யார் மாற்றுவது.

முன் டயர் 21 அங்குலம் இருந்தது, இப்போது 23. பின் டயர் 20 இருந்தது, 22. மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய மினி வேனில் டயர்களோடு டயராக வந்தோம். ரெஜினா வாசலிலேயே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள்.

9.6.10, புதன்

டயர் மாட்டியாயிற்று. சகாயம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான்.

"ஃபாதர் பாத்தா இன்னா சொல்லுவாரு?"

"எலுமிச்சம்பழத்துக்கு ஏது மாமா மதம்? ஊறுகா எல்லாரும்தான் திங்கிறோம்."

காலையில் ஆள் இல்லாத கடற்கரையில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் பஞ்சர் கடைக்காரன் மோட்டார் பைக்குக்கு அடிக்கிற மாதிரி காற்று அடித்துவிட்டான். வண்டி பந்து மாதிரி எகிறியது, நானும். இந்த டயருக்குக் கொஞ்சம் காற்றுதான் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் காற்று அளக்கிற கேஜில் முள் அவ்வளவு கீழே காட்டாது. ரிசார்ட்டில் கட்டைவிரலால் அமுக்கித்தான் பார்ப்பார்களாம். சகாயம் காற்றை இறக்கி, நாலையும் அவனே அமுக்கிப் பார்த்தான். "இதான் மாமா கேஜு" என்று வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவு பெருமை.

மற்றபடி:

மணலில் உட்காரவில்லை. சந்தோஷம். என் இடுப்புக்கு விடுதலை.

கிளம்ப யோசிக்கிறது. முதல் கியர் இரண்டாவது கியர் மாதிரி. கிளட்ச் தீய்கிற வாடை.

ஹேண்டில் கனம். முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது.

முன்பெல்லாம் நண்டு மாதிரி தரையோடு திரும்பும். இப்போது கட்டில் மேல் நின்று திரும்புகிற மாதிரி. சாய்கிறது.

பிரேக் பிடித்தால் கேட்கிறது, ஆனால் உடனே கேட்பதில்லை. பிரின்ஸி மாதிரி.

இன்னொன்று. சத்தம். இஞ்சின் முன்பு போலக் கத்தாமல், மெதுவாகப் போவது போல முனகுகிறது. பார்த்தால் வேகமாகப் போயிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. சகாயம் மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

12.6.10, சனி

நல்ல கூட்டம். ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. ஆனால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று சகாயம் முனகல்.

"ரெண்டு சைஸ் யாரு ஏத்துனது?"

"நான்தான்டா. வளந்துடும், பொறு."

சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பான்.

13.6.10, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் கடற்கரைக்கு. ரெஜினா புளிச்சோறு கட்டியிருந்தாள். பிரின்ஸி மாமன் பின்னால் ஏறிக்கொண்டாள்.

படகுகள் கிடக்கிற இடத்தில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வேகம் குறையவும் இல்லை. நான் "விரல எடுடா, விரல எடுடா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஓடினேன் என்பது நான் சொல்வது, தொப்பையைக் கேட்டால் வேறு சொல்லும். வலைக்குவியல் மேல் ஒரு பக்கச் சக்கரம் ஏறியது, வண்டி கவிழ்ந்தது. பிரின்ஸி மணலில் போய் விழுந்தாள். முழங்கை முழுக்கத் தோல் இல்லை. வண்டி சகாயத்தை இழுத்துக்கொண்டு அலையில்.

வலைக்காரம்மா ஒருத்தி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "பொட்டப்புள்ளய ஏத்திக்குனு இன்னா ஓட்டு ஓட்ற நீ? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மாமா விரல எடுக்கவே இல்லப்பா" என்றாள் பிரின்ஸி.

"எடுத்துட்டேன்" என்றான் சகாயம். தண்ணீரில் உட்கார்ந்தபடி. "எடுத்துட்டேன் மாமா. சத்தியமா."

பொய் சொல்கிற முகம் இல்லை அது.

புளிச்சோறு பிரிக்காமலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

14.6.10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வண்டியைக் கழுவினேன். டயர்களை என் விரலால் அமுக்கிப் பார்த்தேன். இடது முன் டயர் இட்லி. வலது முன் டயர் கல். இழுக்காமல் என்ன செய்யும்? இரண்டையும் சரி என்று விட்டவன் சகாயம்.

அவனைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா."

"இடது கையால அமுக்கு."

இரண்டையும் அமுக்கினான். அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

வலது கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் பெரிய கொப்புளம், உடைந்து நீர் வடிகிறது. டீ கிளாஸா, சைலன்சரா. எதில் சுட்டது என்று அவனுக்கே தெரியவில்லை.

ரெஜினா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு அடிப்பிடித்தது.

16.6.10, புதன்

சிதம்பரம், பெரிய ஆஸ்பத்திரி. லேசான தூறல். டாக்டர் சின்னப் பையன், கண்ணை மூடச் சொல்லிக் குத்திக் குத்திக் கேட்டார். சகாயம் பாதிக்கு மேல் ஊகித்துச் சொன்னான். எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா. நரம்பு வெட்டுப்பட்டது, இத்தனை நாளில் வராத உணர்ச்சி இனி வராது என்றார். உள்ளங்கையிலும் பாதி இல்லை. சூடு, வெட்டு எதுவும் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் டீ. கிளாஸை இடது கையில் வாங்கினான்.

"அப்ப இத்தினி நாள் எப்புட்றா ஓட்டுன?"

"சத்தத்த வச்சு மாமா."

"இன்னா சத்தம்?"

"இஞ்சின் சத்தம். இவ்ளோ கத்துனா இவ்ளோ அமுக்கிருக்கேன்னு தெரியும். காதுலதான் ஓட்டுனேன். டயர் மாத்துனதுலேருந்து சத்தம் பொய் சொல்லுது."

ஒரு சைஸ் என்றால் ஒருவேளை பழகியிருப்பான். ரெண்டு கேட்டவன் நான்.

"பழைய டயரயே மாட்டிடலாம்டா. வழுக்கையா இருந்தா இன்னா? நான் தள்ளுறேன்."

"வேணாம் மாமா."

"தள்ளுறது எனக்குப் பழக்கம்டா."

"அன்னிக்குப் பின்னாடி பிரின்ஸி இருந்தா மாமா" என்றான். அவ்வளவுதான். கடலூர் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். இறங்க வேண்டிய செம்மண்டலத்தில் நான் எழுப்புகிற மாதிரி தட்டினேன். தூங்கவில்லை, தெரியும்.

18.6.10, வெள்ளி

சகாயம் மறுபடி சுவரைப் பார்த்து. ரெஜினா தட்டை அவன் எதிரில் வைத்தாள். எடுக்க வந்தபோதும் அப்படியே இருந்தது.

"ஏங்க, அவன எங்கனா கூட்டிட்டுப் போங்க" என்றாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை.

19.6.10, சனி

வானம் மூட்டம். வண்டியை நானே எடுத்தேன். சகாயம் வரமாட்டேன் என்றான். பிறகு கதவு வரை வந்து நின்றான். பிறகு பின்னால் ஏறிக்கொண்டான்.

கடற்கரையில் என்னைப் பார்த்து சுண்டல்காரன் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். அவ்வளவு நல்ல டிரைவர் நான். சகாயம் பின்னாலிருந்து, "விடுங்க... இப்ப அமுக்குங்க... இடுப்ப உள்பக்கம் சாய்ங்க மாமா, சேர்ல உக்கார்ற மாரி உக்காராதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். படகுத் திருப்பத்தில் சாய்ந்தேன். திரும்பியது.

கொஞ்ச தூரம் போனோம். பிறகு காதருகில் கேட்டான்.

"மாமா, வலது கையால ஒங்கள புடிச்சிருக்கேனா? பாத்து சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். அவன் கை என் வயிற்றின் மேல் சும்மா கிடந்தது. விரல்கள் திறந்தபடி.

"புடிச்சிருக்கடா" என்றேன். வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.