தொப்பி மாமா இல்லாத சாளரம்

மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வந்து நிற்கிறது: ‘ஜின்னு உங்களுக்கு ஒரு பக்கத்தை அனுப்பியுள்ளது.’ நான் இன்னும் திறக்கவில்லை. நாளைக் காலை மருத்துவமனையில் என் பெயர் போட்ட ஒரு தாளைத் தருவார்கள். அதுவரை எதையும் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் போனுக்கு ஜின்னு என்று நீதான் பெயர் வைத்தாய். ‘தானா எரியுது, தானா அணையுது, வேற என்ன பேரு வைக்கிறது’ என்றாய். என் கணினி திறந்து முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்பதால் அதற்கு எங்கள் ஊர்ப் பெயரோடு ‘குரும்பகரம் எக்ஸ்பிரஸ்’. கல்லூரியில் என்னிடம் கணினி இல்லாதபோது உன்னுடையதில்தான் படித்தேன். பிறகு எனக்கென்று ஒன்று வந்தபோதும் நாம் இருவரும் உலாவியில் ஒரே கணக்கில்தான் இருந்தோம். நீ காரைக்காலில் திறந்து வைத்த கட்டுரை என் ஊரில் எனக்காகக் காத்திருக்கும். நான் குறித்து வைத்த பக்கம் உன் போனில் இருக்கும். இரண்டு பேர் ஒரு கணக்கில் இருக்கக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். ‘ஒரு டிபன் பாக்ஸ்ல சாப்பிடலையா’ என்றாய்.

வந்தபடியே ஒரு பொருளைப் பயன்படுத்த உனக்குத் தெரியாது. என் கணினி வந்த அன்று, எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உலாவியின் அமைப்புகள் முழுவதையும் பிரித்துப் போட்டாய். ‘வாடகை வீடுன்னாலும் ஆணி அடிச்சுக்கலாம் டி. அடிக்காம இருக்கறவளுக்குத்தான் சட்டை மாட்ட எடமில்ல.’ எழுத்தைப் பெரிதாக்கினாய். அறிவிப்பு அனுப்பவா என்று கேட்கும் தளங்களின் வாயை ஒட்டுமொத்தமாக அடைத்தாய். விளம்பரமெல்லாம் உதிர்ந்து எழுத்து மட்டும் நிற்கும் வாசிப்பு முறையைக் காட்டினாய். நீளமாகப் படிக்கிற எனக்கு அதுவே போதுமாயிருந்தது. தினமும் வேண்டிய பக்கங்களை இடது ஓரத்தில் பின் செய்து வைத்தாய். பின் செய்தால் மூடுகிற குறி மறைந்துவிடும். தெரியாமல் கை பட்டாலும் போகாது.

எல்லாவற்றையும்விட என் அப்பாவுக்குப் பிடித்தது ‘ம’. முகவரிப் பட்டையில் ‘ம’ என்று ஓர் எழுத்து, ஓர் இடைவெளி, என்டர். காரைக்காலுக்கு மழை உண்டா என்று சொல்லும் பக்கம் வந்துவிடும். வயலுக்குக் கிளம்புமுன் அப்பா வாசலிலிருந்து கேட்பார்: “ஒன் கூட்டாளிப் புள்ள மழை என்ன சொல்லுது?” நீ போன பிறகும் அப்படித்தான் கேட்கிறார். மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு தொப்பி மாமா. எதைத் தேடினோம் என்ற தடயம் தங்காத மறைவுச் சாளரம், கறுப்பாகத் திறக்கும். அதன் மூலையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் உருவம். அதைக் காட்டியபோது நீ சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ‘எங்க சிங்கப்பூர் மாமா டி. ஏர்போர்ட்டுல இப்படித்தான் எறங்குவாரு.’ அன்றிலிருந்து யாருக்கும் தெரியக்கூடாத தேடலுக்கு நம்மிடையே ஒரு சொல் வந்தது. ‘இத மாமாகிட்ட கேட்டுக்க.’

நான் எதையும் வெளியே சொல்கிறவள் இல்லை. மாமாவிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டாய் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனைக் கட்டிலில், தலையில் துணி கட்டிக்கொண்டு, என் விரலை ஒவ்வொன்றாக நீவியபடி சொன்னாய்: ‘கட்டி இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும் டி. மாமாகிட்டயே தேடிக்கிட்டு இருந்தேன். தேடுவேன், படிப்பேன், மூடிருவேன். மூடுனா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒடம்புலயும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.’ போன மழைக்காலத்தில் நீ இறந்தாய்.

சென்ற ஞாயிறு, பொழுது சாயும் நேரத்தில் குளிக்கும்போது என் கையில் அது தட்டுப்பட்டது. வலது கை, இடது மார்பின் பக்கவாட்டில். சோப்பு நுரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி தொட்டேன். பட்டாணி அளவு. வலி இல்லை. வலி இருந்தால் நல்லது என்று நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை.

ஈரத் தலையோடு அறைக்குள் வந்து கணினியைத் திறந்தேன். மாமாவை அழைக்கிற மூன்று பொத்தான்களையும் அழுத்தினேன். கறுப்பாக ஒரு சாளரம் திறந்தது. நீ கேட்டதைப் போலவே கேட்டேன். மார்பில் வலியில்லாத கட்டி. இருபத்தாறு வயது. எல்லாக் கட்டியும் அதுதானா. ஒவ்வொரு பக்கமும் முதலில் பெரும்பாலும் பயமில்லை என்றது, பிறகு தாமதிக்காதே என்றது. நான் இரண்டாவது வரியை மட்டும் படித்துக்கொண்டே போனேன். வெளியே அம்மா, “தலைய தொவட்டுனியா?” என்று கேட்டாள். “ம்” என்றேன்.

மூடலாம் என்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். மூலையில் தொப்பி மாமா இல்லை. அங்கே நாம் இருவரும் கடற்கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. நம் கணக்கின் படம். நான் அழுத்திய மூன்று பொத்தான்களில் நடுவில் இருப்பது சரியாக அழுந்தவில்லை. சாதாரணச் சாளரம்தான் திறந்திருந்தது. கறுப்பாக இருந்தது உன் வேலை. பொழுது சாய்ந்ததும் எல்லாம் தானாகக் கறுப்பாகும்படி நீ வைத்திருந்தாய், என் கண் வலிக்கக்கூடாது என்று.

பரவாயில்லை, இந்தக் கணக்கில் இப்போது நான் மட்டும்தானே என்று நினைத்து, அழிப்பதற்காக வரலாற்றைத் திறந்தேன். ‘மற்ற சாதனங்கள்’ என்ற இடத்தில் ஒரு வருடமாகச் செத்துக் கிடந்த பெயர் எழுந்து நின்றது. ‘ஜின்னு. சற்று முன்.’

என் முதுகில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அப்போதுதான் குளிர்ந்தது. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. அந்த நேரத்தில் நம்பினேன். நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நான் தேடியதைப் படிக்கிறாய் என்று நினைத்தேன். ‘வா’ என்று சொல்கிறாயோ என்றும் நினைத்தேன். இதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

தேடியதையெல்லாம் அழித்தேன். அழித்து முடிக்குமுன் என் போன் அடித்தது. திரையில் உன் பெயர், நீ வெங்காய சம்சாவைக் கடிக்கிற படம். எடுக்கவில்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

“நீதானே புள்ள?”

உன் உம்மாவின் குரல். கட்டிலில் உட்கார்ந்தேன்.

“நான்தான் உம்மா.”

“எம் போன் தண்ணிக்குள்ள உழுந்துருச்சு. வாப்பா மஸ்கட்லேர்ந்து பேசுவாங்களேன்னு மவ போனத் தொறந்தேன். என்னமோ எழும்பி நிக்கிது. விட்ட எடத்துலேர்ந்து படிக்கிறியான்னு கேக்குது. கட்டி அது இதுன்னு போட்டிருக்கு. மொதல்ல எம் மவ தேடுனதுதான்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா மேல குரும்பகரம்னு இருக்கு. குரும்பகரத்துல எனக்கு யாரு இருக்கா, ஒன்ன உட்டா?”

நான் மடிக்கணினியின் மூடியைச் சாய்த்தேன்.

“யாருக்கு?”

“கூட வேலை பாக்கற ஒரு அக்காவுக்கு உம்மா. கேட்டாங்க. பாத்துச் சொல்லலாம்னு.”

“அக்காவுக்கா.” பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. “எம் மவளும் இப்படித்தான் சொன்னா. காலேஜ்ல கூடப் படிச்ச ஒரு பொண்ணுக்குன்னு. அது நீதான்னு நெனச்சுக்கிட்டு அஞ்சு வேளையும் ஒனக்காக துஆ கேட்டேன். அவளுக்குக் கேக்கல.”

இதை நீ அறிவாயா? எனக்கு நீ சொல்லவே இல்லை.

“எந்தப் பக்கம்?” என்றார் உம்மா.

“எடது.”

“காலைல பஸ் ஏறி வா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். வெறும் வயித்தோட வராத.”

“அம்மாவுக்குத் தெரியாது உம்மா.”

“தெரியாதா, தெரியக்கூடாதா?”

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன்.

“அம்மாவயும் கூட்டிட்டு வா. வரலன்னா நானே ஒங்க வீட்டுக்கு வருவேன். வந்தா சும்மா போவ மாட்டேன், சோறு ஆக்கி வைக்கச் சொல்லு.”

அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். நான் எதிர்பார்த்த அலறல் வரவில்லை. “எப்பேர்ந்து?” என்றாள். “இன்னிக்குத்தான்” என்றேன். “இன்னிக்குத்தானா?” என்று திரும்பக் கேட்டாள். அந்தக் கேள்விக்குள் நீ இருந்தாய். நான் தலையாட்டியதும் உருவிய இலையையெல்லாம் கூட்டி வைத்துவிட்டு, வெறும் காம்பை எண்ணெயில் போட்டாள். அதைக் கவனிக்கவும் இல்லை.

கூட ஆள் இருந்தால் பயம் குறையும் என்று நிறையப் படித்திருக்கிறேன். எனக்குக் குறையவில்லை. அம்மாவின் பயமும் உம்மாவின் பயமும் சேர்ந்து கொண்டன, அவ்வளவுதான். மருத்துவமனையில் எந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டும், எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும் என்று உம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது எனக்கு இன்னும் பயமாயிருந்தது. ஒரு நடைபாதை வந்ததும் மட்டும், “இந்தப் பக்கம் வேணாம், சுத்திப் போவோம்” என்று எங்களைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார். நீ கடைசியாக இருந்த அறை அந்த நடைபாதையில்தான். அம்மா உம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சோதனைக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். டாக்டர் பெண்தான், என் வயசுக்குக் கொஞ்சம் மூத்தவர். “பெரும்பாலும் சாதாரணக் கட்டியா இருக்கும். ஆனா ரிசல்ட் வராம நான் சொல்லக் கூடாது. சீக்கிரம் வந்தீங்க, அது நல்லது” என்றார். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் காத்திருந்தபோது உன் போனை என்னிடம் நீட்டினார். “இதுலேர்ந்து ஒங்க வீட்டுப் பொட்டிக்கு எதாச்சும் அனுப்பலாமா?” அனுப்பும் இடத்தைக் காட்டினேன். வரிசையில் குரும்பகரம் எக்ஸ்பிரஸ் என்று இருந்தது. உம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். “எக்ஸ்பிரஸா? ஒங்க ஊருல டவுன் பஸ்ஸே ஒழுங்கா நிக்காது.” அம்மா சிரித்தாள். அந்த மூன்று நாளில் ஒரே முறை.

நான் உண்மையைச் சொல்கிறேன். அன்றே இந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடலாம் என்று நினைத்தேன். நான் தேடுவதெல்லாம் இன்னொருவர் கையில் தெரியும் என்பது எனக்குத் தோலை உரித்த மாதிரி இருக்கிறது. ஒரு சொடுக்கு போதும். ஜின்னு மறுபடி பெயர் இல்லாத பெட்டியாகிவிடும். நீ கடைசியாகத் திறந்து வைத்த பக்கங்களும் என் பக்கத்திலிருந்து போய்விடும். விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மாமாவிடம் மட்டும் கேட்டிருந்தால் இன்று நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். நீ இருந்த இடம் எனக்குத் தெரியும்.

நேற்றிலிருந்து சாதாரணச் சாளரத்தில்தான் தேடுகிறேன். இன்று காலை முடிவுத் தாளில் என்னென்ன சொற்கள் இருக்கும் என்று தேடினேன். சற்று நேரத்தில் உம்மா கூப்பிட்டார். “அதெல்லாம் படிக்காத. படிச்சா என்ன வெளங்குது? நாளைக்கு டாக்டரம்மா சொல்லட்டும். டீ குடி.” எனக்குக் கோபம் வந்தது. டீ குடித்தேன்.

இப்போது வாசலில் அப்பா கையைக் கழுவுகிறார். அவருக்கும் நேற்று தெரிந்துவிட்டது. வழக்கமான கேள்வியை மட்டும் கேட்கிறார். “ஒன் கூட்டாளிப் புள்ள மழை என்ன சொல்லுது?”

பதில் சொல்வதற்காகக் கணினிப் பக்கம் திரும்பினேன். அந்த அறிவிப்பு இன்னும் ஓரத்தில் நிற்கிறது. திறந்தேன்.

‘ம’. நீ வைத்துக் கொடுத்த அதே பக்கம். காரைக்கால், நாளை காலை, மழை. கூடவே என் போனில் உம்மாவின் குறுஞ்செய்தி ஒன்றும் கிடந்தது: ‘கொட’. அவ்வளவுதான்.

“மழை இருக்குதாம்ப்பா. கொட எடுத்துக்கணும்” என்றேன்.

“ரெண்டா எடுத்துக்க. அந்தம்மா கொண்டாராது” என்றார் அப்பா.

நாளை அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, நீ கட்டிலில் என் விரலை நீவியபோது உனக்கு இருந்த அளவுக்கு இருக்குமோ என்னவோ. உன் போனிலிருந்து வந்த அந்த மழைப் பக்கத்தை இடது ஓரத்துக்கு இழுத்துப் பின் செய்திருக்கிறேன். இனித் தெரியாமல் கை பட்டாலும் மூடாது.