உன் பேருக்கு எதிரே இருந்த எண்

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

சின்னசேலத்தில் எங்களுக்கு வேளைக்குச் சோறு இறங்குகிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, அயர்லாந்துக் குளிரில் உனக்கும் அப்படியே என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசியாவது வேகவைத்துக்கொள். இங்கே கல்வராயன் மலையில் நல்ல மழை, கோமுகி அணை நிறைந்துவிட்டது, உங்க அண்ணன் தமிழரசன் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் வீட்டுக்குமாக அலைகிறான், சளி விடவில்லை, டாக்டரிடம் போடா என்றால் கேட்கிற ஜென்மமா அது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. உன் காதுக்குப் போகவே கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார், அதனால்தான் கடிதம்.

வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்தது உனக்குத் தெரியும். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்குங்கள் என்றால் தெருநாய் மேல் எறிவார், அதுவும் இடது கையால். அப்படிப்பட்டவர், நம்ம வீடியோ கேம் கடையை மூடியபோது விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த விமானச் சண்டைப் பெட்டி முன்னால் மட்டும் தானாகப் போய் நின்றார். இடது கையில் விமானத்தைத் திருப்புகிற குச்சி, வலது கை விரலில் பட்டன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆடி எடுத்த பாயிண்ட்தான் இன்னும் அதில் முதலிடம், ஐ எல் ஏ என்று மூன்று எழுத்து. அவர் பேர் கடைசியில் ஆரம்பித்து ஏறி ஏறி இரண்டாவதுக்கு வந்திருந்தது, மேலே நீ ஒருத்திதான். அவர் ஏற ஏற விரலும் மடங்க ஆரம்பித்தது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். மாத்திரையால் ஆகாதது உன்னால் ஆகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் பெட்டிக்கு வெளியே பொட்டு வைப்பார்கள், உங்கப்பாவுக்கு அது போதாது, வேலை செய்வது எதுவோ அதற்குத்தான் பொட்டு என்று பின்கதவைத் திறந்து போர்டில் இருக்கிற சிப்புக்கு வைப்பார். இந்த வருஷம் இடது கையால் வைத்தார், சந்தனமும் கூழ் மாதிரி இருந்ததா, அது சிப்பின் கால்களுக்கு நடுவே ஒழுகிவிட்டது. காய்வதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டார். திரையில் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது, உன் பேருக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாக என்னென்னவோ கிறுக்கல். பதறிப்போய் அணைத்துவிட்டு மறுபடி போடப் போனவரின் கையை உங்க அண்ணி தமிழ்மொழி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை போட்டால் கணக்கு ஒத்துவரவில்லை என்று பெட்டி தானே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாக ஆரம்பித்துவிடுமாம். பேரையும் பாயிண்டையும் நினைவு வைத்துக்கொள்கிற சிப்புக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி உண்டாம், அதுவும் கிழமாகிச் சாகிற நிலைமையில் இருந்ததாம். அவள் கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவள் இல்லையா, தராசிலும் இதே மாதிரி சிப் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்குப் படுத்தவர்தான் உங்கப்பா. பேட்டரி செத்தால் உன் பேரும் போய்விடும் என்று தெரிந்ததும், "அவ பேரு பூட்டுச்சின்னா நான் இன்னாத்துக்குடி ஏறணும்?" என்று என்னைக் கேட்டார். டீ டம்ளரை மறுபடி இடது கையில் வாங்க ஆரம்பித்தார். வலது கை பழையபடி மடியில் சுருண்டு கிடந்தது.

மருமகளைப் புகழ்கிறாளே அம்மா என்று சிரிக்காதே, புகழத்தான் போகிறேன். ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, ஒரு கால்கூட வளையாமல் சிப்பைக் கழற்றினாள், அதுவரை நான் மூச்சே விடவில்லை. தராசு சிப்பைப் படிக்கிற கருவியில் இதை மாட்டி, பேட்டரியில் உயிர் இருக்கும்போதே உள்ளே இருந்ததையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள். இந்த போர்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அத்தை என்று ஒளிக்காமல் சொன்னாள், எந்தெந்த நாட்டிலோ இதே போர்டு வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எங்கே எது இருக்கும் என்று கண்டுபிடித்தாள். பேட்டரியே இல்லாமல் நினைவு வைக்கிற புது சிப்பும் வரவழைத்தாள். எனக்குத் தெரிந்து மாவாட்டும்போதுகூட இவள் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

எல்லாம் நல்லபடியாகக் கிடைத்தது, உன் பாயிண்ட் மட்டும் கெட்டுப்போயிருந்தது. தமிழரசனுக்கும் எனக்கும் அது எவ்வளவு என்று நினைவில்லை, உன்னைக் கேட்டால்கூடத் தெரிந்திருக்காது. அப்போதுதான் அவள், "மாமா, நீங்க சொல்றதத்தான் போடப் போறேன். கம்மியா சொன்னாலும் கேக்க ஆளில்லங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் நிஜமாகவே சொன்னாள். நானும் அவருக்குக் கண்ணைக் காட்டினேன், குறைத்துச் சொல்லிவிடட்டும், முதலிடத்தில் தன் பேரைப் பார்த்தாவது தெம்பு வரட்டும் என்று. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார், யோசிக்கக்கூட இல்லை. "எட்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறநூறு. அது எம்பொண்ணு ஆடுனது. ஒரு பாயிண்ட் கொறஞ்சாலும் நான் இந்தப் பொட்டியத் தொட மாட்டேன்" என்றார். அவருடையது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இலக்கியா. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். தமிழ்மொழி அந்த எண்ணையே புது சிப்பில் ஏற்றிப் பெட்டியில் பொருத்தினாள்.

அன்று சாயங்காலமே ஆட நின்றுவிட்டார். நீ நோய்நொடி இல்லாமல், கை நிறைய வேலையோடு, மனசு நிறைய நிம்மதியோடு இருக்க வேண்டும். உன் அண்ணிக்கு இரண்டு வார்த்தை தனியாக எழுது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. தை மாதம் லீவு போட்டு வா. வந்தால் உன்னையும் அந்தப் பெட்டி முன்னால் நிறுத்துவார். அப்பா ஆயிற்றே என்று பாவம் பார்த்துத் தோற்றுவிடாதே, கண்டுபிடித்துவிடுவார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
அம்சவள்ளி