லஸ்திரியின் பங்கு

அன்புள்ள லஸ்திரி,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? நீயும் வேளைக்குச் சாப்பிடு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

யாரும் எதுவும் எடுக்கக் கூடாது என்று மூன்று வருடமாக ஊர் மூடிவைத்திருந்த கடலை, போன மாதம் திறந்தார்கள். நானும் கடலட்டை எடுக்க முங்கினேன். கரையில் ஒரே சிரிப்பு. "வாத்தியாரே, அது கல்லு. போட்டுட்டு வாங்க."

எடுத்த அட்டையை வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்தார்கள். "ஒத்தை ஆளுக்குப் பங்கு கிடையாது வாத்தியாரே. அடுப்புல ரெண்டு பேருக்கு வெந்தாத்தான் அது வீடு" என்றார் கடல் காவலர் பெனி. நீ அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லிவிட்டேன். உன் பங்கும் கிடைத்தது.

இந்த வரும்படியில் நாலு பிள்ளைகள் அம்போன் பட்டணத்துக்குப் படிக்கப் போகிறார்கள். பள்ளியில் ஏழு பேர்தான் மிஞ்சுவார்கள்.

இன்று கப்பல் வந்தது. பெனியின் மனைவி துறைக்கே வந்துவிட்டாள். "எங்க வாத்தியாரே, அவங்களக் காணோம்?" உனக்குக் காய்ச்சல் என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

கொஞ்சம் வேர்க்கடலைச் சம்பல் அனுப்பு. ஒரு தட்டும் அனுப்பு, இங்கே ஒன்றுதான் இருக்கிறது. கப்பல் கிளம்பப் போகிறது, இதை ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். என் பங்கை விற்றுவிட்டேன். உன்னுடையது உலர்ந்து, கூரையடியில் அப்படியே தொங்குகிறது.

உன்
ஹர்யோனோ