எல்லாக் கேள்விக்கும் இல்லை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சுகம். போனை எடுப்பதில்லை என்று நீ சபதம் போட்டிருக்கிறாய் போலிருக்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை நீ வந்து ஸ்கேன் மெஷினுக்குள் நாற்பது நிமிடம் படுத்தது பெரிய உதவி. எங்கள் ஆய்வுக்கு நோயில்லாதவர்கள் இருபது பேர் வேண்டும். கடைசி ஆள் கிடைக்காமல் நாய்படாத பாடு பட்டேன். "உங்க தம்பி மாதிரி அசையாம படுத்தவங்கள நான் பார்த்ததே இல்ல" என்றார் ஸ்கேன் எடுக்கும் அம்மா. சின்ன வயதில் உன்னை ஓரிடத்தில் உட்காரவைக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன்.

என்ன ஆய்வு என்று கேட்டாயே. நாம் மனசுக்குள் பேசும்போது, மூளையின் பேசும் பகுதி கேட்கும் பகுதிக்கு 'இது நம்ம பேச்சுதான், கண்டுக்காதே' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சிலருக்கு அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேராததால்தான் சொந்த நினைப்பே அடுத்தவர் குரலாகக் கேட்கிறதோ என்று பார்க்கிறோம்.

ஸ்கேனுக்கு முன்னால் எல்லோரையும் தனியறையில் வைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு ஒரு ஃபாரம் நிரப்புவது வழக்கம். உன்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் நான், எதற்கு வெட்டி வேலை என்று அந்த ஃபாரத்தை நானே நிரப்பிவிட்டேன். நீதான் சாப்பிடக்கூட நிற்காமல் ஓடிவிட்டாய்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 12

புரொபசர் அக்காவுக்கு,

போன் ரிப்பேர். கண்ணாடிக் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இந்த வாரம் இரண்டு லென்ஸைத் தப்பாக வெட்டிவிட்டேன், முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு சந்தேகம். அந்த ஃபாரத்தில் அப்படி என்னதான் கேட்பீர்கள்? யாராவது 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

யாருமில்லாதபோது குரல் கேட்கிறதா, யாரோ உன்னைக் கவனிப்பதாகத் தோன்றுகிறதா, இந்த மாதிரி முப்பது கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். யாராவது 'ஆமாம்' என்றால் டாக்டரிடம் அனுப்பிவிட்டு அந்த ஆளின் ஸ்கேனை ஆய்விலிருந்து தூக்கிவிடுவோம். நல்லவேளை, உன்னிடம் அந்த வம்பில்லை. மாதக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்காவிட்டால் என் வேலைக்கே வேட்டு.

லென்ஸைப் பார்த்து வெட்டு. கவனம் எங்கே போகிறது? யாராவது பெண்ணா?

அக்கா

ஜூலை 1

அக்கா,

பெண் குரல்தான். ஆள் கிடையாது. பதினோரு மாதமாகிறது. நான் செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். 'ஃப்ரேமை எடுக்கிறான், தப்பா வெட்டப்போறான்' என்பாள், அதேபோல் தப்பாக வெட்டிவிடுவேன். போனில் நீ பேசினால் நடுவில் புகுந்துகொள்கிறாள், எது நீ என்று தெரிவதில்லை. போன் ரிப்பேர் என்றது பொய்.

நீ முதலில் அனுப்பிய தாளில், தனியறையில் கேள்வி கேட்பார்கள் என்று போட்டிருந்தது. அதற்காகத்தான் வந்தேன். நானாகச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது கேட்டால் 'ஆமாம்' என்ற ஒரு வார்த்தை போதுமே என்று நினைத்தேன். அந்த அறை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, "அதெல்லாம் நானே முடிச்சிட்டேன்டா, நேரா ஸ்கேனுக்கு வா" என்றாய்.

மெஷினுக்குள் அந்தத் தடதட சத்தத்தில் அவள் பேசவில்லை. அதனால்தான் அசையாமல் கிடந்தேன். வெளியே வந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டாள், பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா.

தம்பி

ஜூலை 8

என் தம்பிக்கு,

ஆய்வுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் ஸ்கேனை நீக்கிவிட்டார்கள், ஆய்விலிருந்து என்னையும். அது போகட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தவள் என்கிற திமிரில் மட்டும் நான் ஃபாரத்தை நிரப்பவில்லை. அன்று உன்னைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. ஊரார் மூளையையெல்லாம் பார்க்கிறவள், உன் முகத்தைப் பார்க்கப் பயந்துவிட்டேன்.

இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினேன், நீ திறக்கவில்லை. தெரிந்த டாக்டர் இருக்கிறார், நாளைக்கே நேரம் வாங்குகிறேன். இனி என்ன கேட்க வேண்டுமோ அதை உன்னிடமே கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 22

அக்காவுக்கு,

டாக்டரிடம் போய்விட்டேன். உன் டாக்டர் இல்லை, வேறொருவர். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன், அவரே துணைக்கு வந்தார், வாசலில் மூன்று மணி நேரம் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகிறது. வாய் உலர்ந்துபோகிறது, எப்போதும் தூக்கம் வருகிறது. அவள் இன்னும் இருக்கிறாள், ஆனால் பக்கத்து அறைக்குப் போன மாதிரி.

டாக்டர் எல்லாக் கேள்வியும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார். கடைசியில், வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றார். அக்கா இருக்கிறாள், மூளையைப் பற்றி நன்றாகப் படித்தவள் என்றேன்.

"அப்ப அவங்ககிட்ட பேசலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

உன்னைப் பழிவாங்குவதற்காக அப்படிச் சொல்லவில்லை. எனக்காக நானே சொன்ன முதல் மறுப்பு அது. கொஞ்ச நாள் அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு வராதே. நீ எழுதினால் படிப்பேன், பதில் மட்டும் எதிர்பார்க்காதே.

தம்பி