ஓசூர் மழையும் பாரூர் மாங்காயும்

வைகாசி 4, ஞாயிறு இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வாரம் முழுக்க ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர், போன திங்கட்கிழமை போன் செய்தார். "வாரம் பூரா காத்தும் மழையுமாம், போன்ல காட்டுது. மாங்கா கொட்டிப்போறதுக்குள்ள பறிச்சிடு."

டிவியில் வழக்கம்போல 'ஓரிரு இடங்களில்' மழை என்றார்கள். அதில் எங்கள் பாரூர் உண்டா என்று யாரைக் கேட்பது? இவரை நம்பி, ஆள் விட்டுப் பாதித் தோப்பைப் பறித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. காய் முற்றவில்லை என்று மண்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் கொட்டகையில் சுருங்கிக் கிடக்கிறது.

இன்று லீவுக்கு வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே மறுபடி போனைப் பார்த்தார். "வர்ற வாரமும் மழதான். மீதியையும் பறிச்சிடலாம்."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே ஓசூர் என்று போட்டிருந்தது.

"இது ஓசூர் மழைங்க. நம்ம தோப்பு அங்கயா இருக்குது?"

"ஊருக்கு வந்தா அதுவா மாறிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

இடத்தை மாற்றப் போனேன். அவர் சேர்த்து வைத்திருந்த ஊர்ப் பட்டியலில் பாரூரே இல்லை. ஓசூர் மட்டும் இருந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு வீட்டுப் படத்தோடு. அந்தப் படம் தானாக வராது. இதுதான் என் வீடு என்று நாம் குறித்தால்தான் வரும்.

பாரூரைச் சேர்த்துப் போனைக் கொடுத்துவிட்டேன். வீட்டுப் படத்தை நான் தொடவில்லை. அதை அவரே மாற்றட்டும்.