ஏலம் போன பூசணிக்காய்

ஞாயிறு, அறுப்பின் பண்டிகை

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். ராஜன் தன் மொட்டைமாடியில் விளைந்த பூசணிக்காயைக் கொண்டுவந்திருந்தான். அதை யாரும் நெருங்க முடியாத விலைக்கு ஏற்றி எடுத்தவர் தங்கதுரை. புனே பக்கம் பிம்ப்ரியில் இருக்கும் அவருடைய தொழிற்சாலையிலிருந்துதான் போன மாதம் ராஜனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போதகர் ஒலிபெருக்கியில், "கர்த்தர் தமக்குப் பிரியமானவங்களைத்தான் இப்படி ஐசுவரியத்தால நிரப்புவார்" என்றார். சபையே ஆமென் சொன்னது.

ராஜன் என் காதருகே குனிந்து, "அண்ணே, என்னைவிட என் பூசணிக்காய்க்கு அவர்கிட்ட நல்ல மதிப்பு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்வம்தான் ஆசீர்வாதம் என்றால் ராஜன் சபிக்கப்பட்டவனா? தலைசாய்க்க இடமில்லாமல் திரிந்த இயேசுவை எதில் சேர்ப்பது?

இதையே போதகருக்குக் கடிதமாக எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த என் மனைவி ஸ்டெல்லா வெளிறிப்போனாள். "வரப்போற மாப்பிள்ளையும் தங்கதுரை அண்ணாச்சி கம்பெனியிலதான் இருக்காரு. நம்ம பொண்ணு கல்யாணத்துக்குச் சபையில ஓலை இன்னும் ஒரு ஞாயிறு வாசிக்கணும். சபைக் கமிட்டியில இருந்து உங்களைத் தூக்குன கோபத்தை இப்பவா தீர்க்கணும்?" என்றாள். கோபமும் இருக்கிறதுதான். அதற்காகக் கேள்வி பொய்யாகிவிடுமா?

பெயர் போடாவிட்டால் எல்லோரும் ராஜனைத்தான் சந்தேகப்படுவார்கள். அவனிடம் பறிக்க இனி வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், மனம் ஆறவில்லை. ஆனாலும் கையெழுத்தில்லாமல்தான் நாளை தபாலில் போடுவேன்.