அனுப்பியவர் அழைக்கவேண்டும்

பசுபதிநாதர் துணை

ஹேட்டௌடா,
வைசாக் 16, விக்ரம சம்வத் 2065

தம்பி தீர்த்தராஜுக்கு அக்கா துளசாவின் ஆசீர்வாதம்.

அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் நீ ஜெயித்த செய்தியை வானொலியில் கேட்டோம். கடைவீதியில் எல்லோரும் என்னிடம் இனிப்புக் கேட்டார்கள். கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், கொடுத்தேன். போனில் பேசினால் பாதியில் கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தை அப்படி வைத்துவிட்டு ஓடமுடியாது.

உன் மேடைப் பேச்சைப் பக்கத்து வீட்டுக்காரி தன் மகனுடைய போனில் போட்டுக் காட்டினாள். "செத்துப்போன ராஜாவோட பாவத்தையெல்லாம் கட்டோச் சோறுன்னு எங்கப்பாவுக்கு ஊட்டினாங்க. ராஜா உடுப்ப மாட்டி, யானைமேல ஏத்தி, கல்லால அடிச்சு காட்மாண்டுவ விட்டே துரத்தினாங்க" என்கிறாய். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். கட்டோ சாப்பிட்ட அந்தணர் திரும்பக் காட்மாண்டுப் பள்ளத்தாக்குக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த முறையை அப்பா முப்பத்தாறு வருஷமாகக் காத்துவருகிறார். அதை நீ ஓட்டுக்கு விற்றுவிட்டாய்.

சொல்ல வந்தது வேறு. அப்பா இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு இருப்பது ஒரே ஆசை. பசுபதிநாதர் காலடியில், ஆரியகாட்டுப் படித்துறையில் உயிர் போகவேண்டும். ஆனால் தன்னை அனுப்பிய ராஜவம்சம் வாயால் வரச் சொல்லாமல் பள்ளத்தாக்குக்கு வாசலான நாக்டுங்கா கணவாயைத் தாண்டமாட்டேன் என்கிறார். அரண்மனைக்கு மூன்று தடவை மனுப் போட்டேன். அங்கிருந்த அலுவலர் நல்ல மாதிரி. மகாராஜாவின் கையெழுத்துக்கு இப்போது மதிப்பில்லை, வாய்வார்த்தை வேண்டுமானால் வாங்கலாம், யாராவது பெரிய மனுஷரோடு வாருங்கள் என்றார்.

நீ இப்போது பெரிய மனுஷன். மகாராஜாவை நீக்கச் சபையில் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் என்னோடு வா. நீ பக்கத்தில் நின்றால் போதும். நான் பேசிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு உன் ஓட்டு உன் இஷ்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ராஜாவை விஷ்ணு என்று கும்பிட்ட வீடு இது. அவர் வெறும் மனுஷன் என்றால் அப்பா விழுங்கியது என்ன? வெறும் சோறா?

அக்கா,
துளசா


காட்மாண்டு,
வைசாக் 24

அக்காவுக்கு வணக்கம்.

காகிதத்தையும் வைத்துவிட்டு ஓடலாம். ஓடாமல் படித்தேன்.

நான் வரமாட்டேன். அந்த வாசலில் என் தலை குனியாது.

அப்பா விழுங்கியது என்ன என்று கேட்டிருக்கிறாய். சோறுதான். அந்த வருஷம் நம் வீட்டில் அரிசி இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். பிறகு என்ன ஆயிற்று? புரோகிதம் செய்து பிழைத்தவரை ஒரு வீட்டிலும் பூஜைக்குக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் எவனும் உட்காரவில்லை. "பொணச்சோத்துப் பயலே, உங்கப்பன் யானைய எங்கடா கட்டியிருக்கான்?" என்பார்கள். அம்மா காட்மாண்டு ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருந்தபோது அப்பா நாக்டுங்காவில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இறங்கினால் ஒரு மணி நேரம். இறங்கவில்லை. மீசை முளைக்காத நான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன். அதையும் நீ பெருமையில் சேர்த்துக்கொள்வாய்.

தடை போட்டவன் போனால் தடையும் போகும். இவ்வளவுதான் கணக்கு. ஒரு பைசா விடாமல் கணக்கு எழுதுகிற உனக்கு இது ஏன் புரியவில்லை? ஓட்டெடுப்பு முடிந்ததும் ஜீப்போடு வருகிறேன். யாரிடமும் கெஞ்சாமல் அப்பாவை ஆரியகாட்டுக்குக் கூட்டிப்போவேன்.

நீ புளிக்கவைத்துக் காயப்போட்டு அனுப்பிய குந்துருக் கீரை கிடைத்தது. புளிப்பு அதிகம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தீர்த்தராஜ்


பசுபதிநாதர் துணை

ஹேட்டௌடா,
ஜேட் 9

தீர்த்தராஜுக்கு,

நேற்று நான் தனியாகவே அரண்மனைக்குப் போனேன். அந்த அலுவலர் இல்லை. அவரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வாசலில் நின்ற காவலர், சபை உறுப்பினர் யாராவது கூட வந்தால் உள்ளே கேட்டுப் பார்க்கலாம் என்றார். என் தம்பியே உறுப்பினர்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்புறம் ஏம்மா தனியா வந்து நிக்கறீங்க?"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அங்கிருந்து உன் வீடு கிட்டத்தில்தான். நான் வரவில்லை. உன் தெருவில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன், டீக்கடைப் பெஞ்சு உட்பட. கடைசியில், "கீரை புளிப்புன்னா எழுதியிருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

ஓட்டெடுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ வா என்று இன்னொரு தடவைதான் எழுதுவேன். இதுதான் அந்தத் தடவை.

துளசா அக்கா


காட்மாண்டு,
ஜேட் 16

அக்காவுக்கு,

முடிந்தது. நேற்று இரவு ஓட்டுப் போட்டோம், நானும் போட்டேன். ராஜா இனி நம்மைப்போல வரி கட்டுகிற குடிமகன். தெருவெல்லாம் அபீர்ப் பொடி. என் சட்டை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. உன் மகாவிஷ்ணுவுக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரியகாட்டுப் பக்கத்தில், கடைசிக் காலத்துக்கு வருகிறவர்களைப் படுக்கவைக்கும் விடுதியில் இடம் பிடித்துவிட்டேன். கீழ்த்தளம்தான், படி ஏறவேண்டாம். சன்னலைத் திறந்தால் பாக்மதி ஆறு. ராஜா அரண்மனையைக் காலிசெய்த மறுநாள் வருகிறேன். அப்பாவுக்குச் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி வை.

தீர்த்தராஜ்


காட்மாண்டு,
அஸார் 3

அக்காவுக்கு வணக்கம்.

நீ போனை எடுப்பதில்லை. இப்போது எழுதுவது என் முறை.

தூங்கிக்கொண்டிருந்தவரைத் தூக்கி ஜீப்பில் படுக்கவைத்தேன். உண்மைதான். விழித்திருந்தால் வரமாட்டார் என்று நீதானே சொன்னாய்? நீ ஜீப்புக்குப் பின்னால் ஓடிவந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தவில்லை. அவரை அவருடைய ஆசைக்குத்தான் கூட்டிப்போகிறேன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணவாயில் நடந்ததை நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நாக்டுங்காவில் லாரிகள் வரிசையாக நின்றன. அப்பா விழித்துக்கொண்டார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். யார் வரச் சொன்னது என்று கேட்டார். இனிமேல் யாரும் சொல்லவேண்டியதில்லை, ராஜாவே இல்லை என்றேன்.

"சொல்லவேண்டியவரையும் அனுப்பிட்டியா? இனிமே என்னை யாருடா கூப்பிடுவா?" என்றார்.

கதவைத் திறந்து இறங்கினார். அவருக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. நடுரோட்டில் படுத்துக்கொண்டார். பின்னால் இருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மாண்புமிகுவின் பெரியவரைக் கொஞ்சம் ஓரமாகப் படுக்கச் சொல்லுங்கள் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜீப்பைத் திருப்பினேன்.

திரும்பும்போது, பழைய ராஜாவையே பார்த்து ஒரு வார்த்தை வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன், எழுதிவைத்துக்கொள். "அவரும் இப்ப என்னை மாதிரி வெளிய அனுப்பின ஆளுதானடா. அவர் கூப்பிட்டு நான் எங்க போறது? அவருக்காவது யானை குடுத்தாங்களா?" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா சாப்பிடுகிறாரா என்று ஒரு வரி எழுது. திட்டுவதை அதற்கப்புறம் எழுது.

தம்பி,
தீர்த்தராஜ்


பசுபதிநாதர் துணை

ஹேட்டௌடா,
அஸார் 21

மாண்புமிகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் தீர்த்தராஜ் உப்ரேதி அவர்களுக்கு,

சாப்பிடவில்லை. நீங்கள் கொண்டுவந்து இறக்கிவிட்ட நாளிலிருந்து துளசித் தண்ணீர் மட்டும்தான். திங்கட்கிழமை காலையில், நான் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தபோது, உயிர் போயிற்று. கடைசியில் உங்களைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று தெரிந்துகொள்ள நினைப்பீர்கள். கேட்டார். என்ன கேட்டார் என்பதைச் சொல்லமாட்டேன்.

போன் என் மடியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் உடலை எடுப்பதற்குள் வந்து சேர்ந்திருப்பீர்கள். உங்களிடம் சொல்லப் புறப்பட்ட ஆட்களையும் நான்தான் தடுத்தேன்.

ராப்தி ஆற்றங்கரையில் சிதை அடுக்கினோம். மகன் எங்கே என்று புரோகிதர் கேட்டார். மகன் வரமாட்டார், நான் வைக்கிறேன் என்றேன்.

"பொம்பளை கொள்ளி வெக்கக்கூடாதும்மா."

"யார் போட்ட உத்தரவு?"

"ராஜா காலத்துலேர்ந்து..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கரையில் நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் நெருப்பை வாங்கி அப்பாவின் வாயில் வைத்தேன்.

ராஜா இருந்திருந்தால் அந்த நெருப்பு என் கைக்கு வந்திருக்காது. அதற்கு உங்கள் ஓட்டுக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன்.

வெள்ளை உடுத்தியிருக்கிறேன். என் கையால் பொங்கி, உப்பில்லாமல் ஒரு வேளை சாப்பிடுகிறேன். மகன் உட்காரவேண்டிய பதிமூன்று நாளும் நான் உட்காருவேன். நீங்கள் வரவேண்டாம். இந்த வருஷம் தீட்டு, அதனால் திகார் பண்டிகைக்கு அக்கா தம்பிக்கு வைக்கிற பொட்டை உங்கள் நெற்றியில் வைக்கமுடியாது. அடுத்த வருஷம் தீட்டு இருக்காது.

அப்போதும் வரவேண்டாம்.

இப்படிக்கு,
துளசா